இரு நகரங்களுக்கு இடையே வான்வழித் தூரம்: நாமே கணக்கிட ஒரு முழு வழிகாட்டி

சென்னையிலிருந்து சிங்கப்பூர் எத்தனை கிலோமீட்டர் என்று இணையத்தில் தேடினால் ஒரு தளம் 2,900 சொச்சம் என்று சொல்லும், இன்னொன்று 3,000-ஐத் தாண்டிவிடும். மூன்றாவது தளம் மைலில் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு, அது எந்த மைல் என்று சொல்லாமலே விட்டுவிடும். இதில் எதையும் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. ஒருவர் ஊர் நடுவிலிருந்து ஊர் நடுவுக்கு அளந்திருப்பார், ஒருவர் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளந்திருப்பார், இன்னொருவர் விமானம் உண்மையாகவே பறந்த தடத்தை எடுத்திருப்பார். கேள்விகள் வேறு என்பதால் விடைகளும் வேறாகின்றன.

அதனால் இந்தக் கணக்கை ஒரு தடவையாவது கையால் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பள்ளியில் படித்த சைன், கோசைன் போதும். கைபேசியில் இருக்கும் கால்குலேட்டரே தாராளம். ஒரு தடவை போட்டுவிட்டால், அப்புறம் எந்தத் தளம் எந்த எண்ணைக் காட்டினாலும் அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே பிடிபடும். சென்னையிலிருந்து சிங்கப்பூர், மதுரை, லண்டன் ஆகிய மூன்று ஊர்களுக்கும் சேர்த்தே போட்டுப் பார்ப்போம். மூன்றும் மூன்று விதமான கணக்கு.

படி 1: எங்கிருந்து எங்கே என்பதை முடிவு செய்யுங்கள்

வான்வழித் தூரம் என்றால் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு என்று வைத்துக்கொள்வதுதான் சரி. லண்டன் என்று பொதுவாகச் சொன்னால் ஹீத்ரோவா, காட்விக்கா, ஸ்டான்ஸ்டெட்டா என்ற கேள்வி வரும். டோக்கியோவில் ஹனேடாவுக்கும் நரிட்டாவுக்கும் நடுவே ஏறக்குறைய 60 கி.மீ. இருக்கிறது. கோலாலம்பூர் விமான நிலையம் ஊரைவிட்டுத் தெற்கே வெகு தூரத்தில், செப்பாங்கில் இருக்கிறது.

ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பது இன்னொரு சிக்கல். நம்ம ஊர் சேலத்துக்கு அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தின் தலைநகர் பெயரொத்த ஊர். ஹைதராபாத் இந்தியாவிலும் உண்டு, பாகிஸ்தானிலும் உண்டு. கனடாவில் ஒரு சிட்னி இருக்கிறது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் விமான நிலையங்களுக்கு மூன்றெழுத்துக் குறியீடு வைத்திருக்கிறார்கள். சென்னைக்கு எம்ஏஏ, மதுரைக்கு ஐஎக்ஸ்எம், சிங்கப்பூர் சாங்கிக்கு எஸ்ஐஎன், ஹீத்ரோவுக்கு எல்எச்ஆர். தமிழ்நாட்டுச் சேலம் எஸ்எக்ஸ்வி, ஒரிகன் சேலம் எஸ்எல்ஈ. எந்தத் தளத்தில் தேடினாலும் ஊர்ப் பெயரைத் தட்டுவதைவிட இந்தக் குறியீட்டைத் தட்டுவது நல்லது.

படி 2: அட்சரேகை, தீர்க்கரேகையை எடுங்கள்

கூகுள் மேப்ஸில் விமான நிலையத்தின் ஓடுபாதைமேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். கணினி என்றால் மவுஸின் வலப் பொத்தான். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. இந்த வரிசை முக்கியம், மாற்றிப் போட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

நமக்கு வேண்டியவை, இரண்டு தசம இடங்களோடு:

சென்னை: 12.99 வடக்கு, 80.17 கிழக்கு
மதுரை: 9.83 வடக்கு, 78.09 கிழக்கு
சிங்கப்பூர் சாங்கி: 1.35 வடக்கு, 103.99 கிழக்கு
லண்டன் ஹீத்ரோ: 51.47 வடக்கு, 0.45 மேற்கு

இரண்டு தசமம் போதுமா என்றால், போதும். 0.01 டிகிரி என்பது தரையில் அதிகபட்சம் 1.1 கி.மீ. தான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கணக்கில் அது ஒரு பொருட்டில்லை.

இரண்டு இடங்களில்தான் பெரும்பாலான கணக்குகள் கெட்டுப்போகின்றன. முதலாவது, டிகிரி-நிமிடக் கணக்கைத் தசமமாக எடுத்துக்கொள்வது. பழைய வரைபடங்களிலும் பாடப் புத்தகங்களிலும் 12 டிகிரி 59 நிமிடம் 24 விநாடி என்றுதான் இருக்கும். அதை 12.59 என்று எழுதிவிடக் கூடாது. நிமிடத்தை 60-ஆலும் விநாடியை 3,600-ஆலும் வகுத்துக் கூட்டினால்தான் 12.99 வரும். அவசரத்தில் 12.59 என்று போட்டால், விமான நிலையத்தை 44 கி.மீ. தெற்கே தள்ளிவைத்த மாதிரி ஆகிவிடும். இரண்டாவது, மேற்குத் தீர்க்கரேகைக்கும் தெற்கு அட்சரேகைக்கும் கழித்தல் குறி போட மறப்பது. ஹீத்ரோ கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கிறது. ஆகவே அது −0.45.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை. சென்னை விமான நிலையத்தின் ஆயத்தொலைகளை, அதாவது இந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, இன்று விரல் நுனியில் எடுக்கிறோம். அந்த விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிற பரங்கிமலையிலிருந்துதான் 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன் தன் அளவையைத் தொடங்கினார். எஃகுச் சங்கிலியை நீட்டி நீட்டி, ஏறக்குறைய 12 கி.மீ. நீளத்துக்கு ஓர் ஆதாரக் கோட்டை அளந்தார். அந்தக் கோட்டை வைத்து முக்கோணம் மேல் முக்கோணமாகக் கட்டிக்கொண்டே போய், இந்தியாவின் நடுவே இமயமலை வரை நீண்ட வேலை அது. பூமி எவ்வளவு உருண்டை, எங்கே கொஞ்சம் தட்டை என்பதைக் கண்டறிவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. நாம் அடுத்த படியில் பயன்படுத்தப் போகும் 6,371 என்ற எண் இப்படிப்பட்ட மனிதர்கள் வெயிலில் நின்று அளந்து அளந்து சேர்த்த அறிவிலிருந்து வந்தது.

படி 3: கணக்குப் போடுங்கள்

பூமி உருண்டை. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி, அந்த இரண்டையும் தொட்டுக்கொண்டு பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு வில். இதற்குப் பெருவட்டம் என்று பெயர். பூமத்திய ரேகை ஒரு பெருவட்டம், தீர்க்கரேகைகள் எல்லாம் பெருவட்டத்தின் பாதிகள். வான்வழித் தூரம் என்று உலகமெங்கும் அதிகாரபூர்வமாகக் குறிப்பிடுவது இந்தப் பெருவட்ட வில்லின் நீளத்தைத்தான்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். கைபேசிக் கால்குலேட்டரைக் கிடைமட்டமாகத் திருப்பினால் சைன், கோசைன் எல்லாம் வந்துவிடும். முதல் வேலையாக அது டிகிரியில் இருக்கிறதா என்று பாருங்கள். சைன் 30 போட்டால் 0.5 வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் அது ரேடியன் என்ற இன்னொரு கோண அலகில் இருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையை ஒவ்வொரு தடவையும் செய்யுங்கள்.

அப்புறம் வரிசையாக:

தீர்க்கரேகை வித்தியாசம்: 103.99 − 80.17 = 23.82

இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: சைன் 12.99 × சைன் 1.35 = 0.22478 × 0.02356 = 0.00530

இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்குங்கள்: கோசைன் 12.99 × கோசைன் 1.35 × கோசைன் 23.82 = 0.97441 × 0.99972 × 0.91482 = 0.89116

இரண்டையும் கூட்டுங்கள்: 0.89646

எந்தக் கோணத்தின் கோசைன் 0.89646 என்று பாருங்கள். கால்குலேட்டரில் நேர்மாறு கோசைன் பொத்தான் இதற்குத்தான். விடை 26.304 டிகிரி.

இதுதான் பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள கோணம். பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. சுற்றளவை 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 111.195 கி.மீ. ஆகவே 26.304 × 111.195 = 2,925 கி.மீ.

சென்னை–சிங்கப்பூர் வான்வழித் தூரம் கிடைத்துவிட்டது. நடுவில் எண்களைச் சுருக்காமல் கால்குலேட்டரிலேயே தொடர்ந்து போட்டால் இன்னும் துல்லியமாக வரும்.

இதே முறையில் லண்டனைப் போட்டால், தீர்க்கரேகை வித்தியாசம் 80.17 − (−0.45) = 80.62. கோணம் 74.052 டிகிரி, தூரம் 8,234 கி.மீ. கழித்தல் குறியை மறந்து 79.72 என்று போட்டிருந்தால் 8,172 என்று வந்திருக்கும். 62 கி.மீ. பிசகு. லண்டன் கிரீன்விச்சை ஒட்டி இருப்பதால் இதோடு போயிற்று. நியூயார்க்குக்கு இந்தத் தவறைச் செய்தால் விடை ஆசியாவிலேயே எங்காவது நிற்கும்.

மதுரைக்கு மட்டும் இந்த முறையைப் பரிந்துரைக்க மாட்டேன். பக்கத்து ஊர்களுக்குக் கோணம் மிகச் சிறியது, அதன் கோசைன் 1-ஐ ஒட்டியே இருக்கும். நான்காவது தசமத்தில் செய்கிற சின்னச் சுருக்கம்கூட ஐந்து கிலோமீட்டர் வரை கொண்டுபோய்விடும். குறுகிய தூரத்துக்குப் பிதாகரஸே போதும்:

வடக்கு-தெற்கு: 12.99 − 9.83 = 3.16 டிகிரி. இதை 111.2-ஆல் பெருக்கினால் 351.4 கி.மீ.

கிழக்கு-மேற்கு: 80.17 − 78.09 = 2.08 டிகிரி. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், இதை நடு அட்சரேகையின் கோசைனால் பெருக்க வேண்டும். நடு அட்சரேகை 11.41, அதன் கோசைன் 0.9802. ஆக 2.08 × 0.9802 × 111.2 = 226.7 கி.மீ.

இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 418 கி.மீ. சாலையில் இது 460 கி.மீ. அளவில் வரும். இதே முறையில் யாழ்ப்பாணத்தின் பலாலியைப் போட்டுப் பாருங்கள். சுமார் 356 கி.மீ. வரும், மதுரையைவிடக் கிட்டம். இந்தக் கணக்கைக் கற்றுக்கொடுக்கும்போது பிள்ளைகள் மிகவும் வியந்துபோவது இந்த இடத்தில்தான்.

எக்செல் போன்ற விரிதாளில் நூறு ஊர்களுக்குப் போட வேண்டும் என்றால் ஹாவர்சைன் சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள். தூரம் சிறிதோ பெரிதோ அது தடுமாறாது. அட்சரேகை வித்தியாசத்தின் பாதிக்குச் சைன் எடுத்து வர்க்கப்படுத்துங்கள். தீர்க்கரேகை வித்தியாசத்தின் பாதிக்கும் அப்படியே செய்து, அதை இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களால் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, நேர்மாறு சைன் போட்டு, இரண்டால் பெருக்கினால் அதே கோணம். விரிதாள்கள் கோணத்தை ரேடியனில்தான் புரிந்துகொள்ளும், ஆகவே டிகிரியை முதலிலேயே ரேடியனாக மாற்றிவிட வேண்டும். கடைசியில் 111.195-க்குப் பதிலாக 6,371-ஆல் பெருக்க வேண்டும்.

பூமி முழு உருண்டை இல்லையே என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், இல்லை. பூமத்திய ரேகையில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. இதையும் சேர்த்துக் கணக்கிட தாடியஸ் வின்சென்டி 1975-இல் ஒரு முறை வெளியிட்டார். சார்லஸ் கார்னி 2013-இல் அதைவிடச் செம்மையான முறையைக் கொடுத்தார். உருண்டைக் கணக்குக்கும் இவற்றுக்கும் உள்ள வித்தியாசம் அதிகபட்சம் அரை சதவீதம் அளவில் நிற்கும். பயணம், படிப்பு, இழப்பீடு எதற்கும் நம் கணக்கே போதும்.

படி 4: எந்த மைல்?

இது சின்ன விஷயம்தான், ஆனால் விட்டுவிடக் கூடாது. சாலை மைல் 1.609 கி.மீ. விமானிகளும் மாலுமிகளும் பேசுவது கடல் மைல், அது சரியாக 1.852 கி.மீ. அட்சரேகையில் ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு நிமிடம், அந்த ஒரு நிமிடத்தின் நீளம்தான் கடல் மைலுக்கு மூலம். அதனால்தான் வானிலும் கடலிலும் அது இன்றும் நிற்கிறது. சென்னை–சிங்கப்பூர் 1,817 மைல், அல்லது 1,579 கடல் மைல். ஒரே தூரம்தான்.

படி 5: கோடு எதன் மேல் போகிறது என்று பாருங்கள்

தூரத்தை மட்டும் தெரிந்துகொண்டு நின்றுவிடாதீர்கள். வீட்டில் ஒரு பூமி உருண்டை இருந்தால், சென்னையில் ஒரு நூல் முனையையும் லண்டனில் மறுமுனையையும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். உருண்டை இல்லையென்றால் கூகுள் எர்த்தில் அளவுகோலைப் போடுங்கள், அல்லது கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தில் இரண்டு குறியீடுகளையும் நடுவில் ஒரு சிறுகோடு போட்டுத் தட்டுங்கள்.

சென்னை–லண்டன் நூல் வடமேற்காகக் கிளம்புகிறது. கட்ச் பகுதியைத் தாண்டி, பலுசிஸ்தான், கிழக்கு ஈரான், காஸ்பியன் கடல், காகசஸ் மலை, அசோவ் கடல் பக்கம், உக்ரைன், அப்புறம் மத்திய ஐரோப்பா. சுவரில் மாட்டியிருக்கும் தட்டை வரைபடத்தில் சென்னையையும் லண்டனையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது இதற்குத் தெற்கே தள்ளிப் போகும். அந்த வரைபடங்களில் பல 1569-இல் மெர்கேட்டர் வகுத்த முறையில் அமைந்தவை. உருண்டையைத் தட்டையாக்கும்போது வடபகுதிகள் அதில் பெருத்துவிடுகின்றன. அதனால் நிஜத்தில் மிகக் குறுகிய வழியாக இருப்பது அதில் வளைந்து சுற்றிப் போவதுபோல் தெரிகிறது. விமானத்தில் இருக்கைக்கு முன்னால் இருக்கும் திரையில், "ஏன் இவ்வளவு வடக்கே போய்ச் சுற்றுகிறார்கள்?" என்று தோன்றுகிறதே, அதற்கு விடை இதுதான்.

சிங்கப்பூர் நூலில் இந்த வளைவு அவ்வளவாகத் தெரியாது. இரண்டு ஊரும் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் தட்டை வரைபடமும் அங்கே ஓரளவு உண்மையையே சொல்கிறது. வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்து, கிரேட் நிக்கோபாருக்குத் தெற்கே, சுமத்ராவின் வடமுனையை ஒட்டி நேராக இறங்குகிறது கோடு.

படி 6: விமானம் உண்மையில் பறக்கும் தூரம்

பெருவட்டத் தூரம் ஒரு கீழ்வரம்பு. அதற்குக் குறைவாக எந்த விமானமும் பறக்க முடியாது, அதைவிடக் கூடுதலாகத்தான் பறக்கும். எவ்வளவு கூடுதல் என்பதுதான் இந்த விஷயத்தில் மிகவும் சுவையான பகுதி.

முதல் காரணம் எல்லோருக்கும் பொது. ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் ஏற வேண்டும், இறங்கும்போது வரிசையில் நிற்க வேண்டும், நடுவில் வகுத்துவைத்த வான்பாதைகளையும் பின்பற்ற வேண்டும். சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தன் கார்பன் கணக்கீட்டில் இதற்கு எளிய ஒரு திருத்தம் வைத்திருக்கிறது: பெருவட்டத் தூரம் 550 கி.மீ.க்குக் குறைவு என்றால் 50 கி.மீ. கூட்டு, 550 முதல் 5,500 வரை என்றால் 100 கி.மீ., அதற்கு மேல் 125 கி.மீ. இதன்படி மதுரை 468, சிங்கப்பூர் 3,025, லண்டன் 8,359. சில தளங்கள் சிங்கப்பூருக்கு 3,000-க்கு மேல் காட்டுவதற்கு இப்படி ஒரு கூட்டலும் காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது காரணம் அரசியல். மேலே சொன்ன சென்னை–லண்டன் கோட்டைத் திரும்பப் பாருங்கள். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடியிருக்கிறது. அதற்கும் முன்பு, 2014 ஜூலை 17 அன்று, மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச்17 விமானம் அந்த நாட்டின் கிழக்குப் பகுதிக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்க்கொண்டிருந்த விமானம் அது, 298 பேர் இறந்தார்கள். பெருவட்டக் கோட்டின் மேலே அப்படியே பறப்பது இன்று லண்டன் விமானத்துக்கு முடியாத காரியம், விலகித்தான் போக வேண்டும். பாகிஸ்தான் 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமான நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகிற இந்திய விமானங்கள் அன்றிலிருந்து தெற்கே இறங்கி அரபிக் கடல் வழியாகச் சுற்ற வேண்டியதாயிற்று. ஹெல்சிங்கி–டோக்கியோ விமானம் ரஷ்யாவின் மேலே ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தது. ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு அது பதின்மூன்று மணி நேரப் பயணமாகிவிட்டது. இரண்டு ஊர்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, பெருவட்டத் தூரமும் மாறவில்லை. மாறியது பறக்கும் தூரம் மட்டும்.

மூன்றாவது காரணம் காற்று. மேலே பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று மணிக்கு 150, 200 கி.மீ. வேகத்தில் வீசும். அதைப் பின்னால் வாங்கிக்கொண்டால் சுற்றுவழியும் சீக்கிர வழியாகிவிடும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாக ஓட்டியது. 13,900 கி.மீ.க்குப் பதில் 15,300 கி.மீ., அதாவது 1,400 கி.மீ. கூடுதல். ஆனால் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது, வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாக. 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் முழுக்கப் பெண் விமானிகளே ஓட்டிய சான் பிரான்சிஸ்கோ–பெங்களூரு விமானம் வட துருவத்தின் வழியாக வந்தது. அந்த இரண்டு ஊர்களுக்கும் பெருவட்டத் தூரம் 14,000 கி.மீ.க்கு ஒரு முடி குறைவு. பறந்தது சுமார் 16,000 கி.மீ.

உங்கள் விமானம் உண்மையில் எந்த வழியில் போயிற்று என்று பார்க்க ஃபிளைட்ரேடார்24 போன்ற தளங்களில் விமான எண்ணைத் தட்டினால் போதும். சில நாள் பழைய தடங்களும் கிடைக்கும். அதே விமானத்தின் நான்கைந்து நாள் தடங்களை அடுக்கிப் பாருங்கள், ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது.

படி 7: தூரத்திலிருந்து நேரம்

ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 830 முதல் 900 கி.மீ. வேகத்தில் போகும். ஏர்பஸ் 320 இந்த வரம்பின் கீழ்ப் பக்கம், போயிங் 787 மேல் பக்கம். தூரத்தை வேகத்தால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தரையில் ஊர்வதற்கும் அரை மணி நேரம் கூட்டுங்கள். சிங்கப்பூருக்கு 3,025-ஐ 830-ஆல் வகுத்தால் ஏறக்குறைய மூன்று மணி நாற்பது நிமிடம், அரை மணி சேர்த்தால் கிட்டத்தட்ட நாலே கால். அட்டவணையிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். லண்டனுக்கு 8,359-ஐ 900-ஆல் வகுத்தால் இதே கணக்கு ஒன்பதே முக்கால் என்று சொல்லும், அட்டவணையோ 11 மணி நேரத்தை ஒட்டிக் காட்டும். எதிர்க்காற்றும் சுற்றுவழியும் அந்த மிச்சத்தைத் தின்கின்றன. லண்டனிலிருந்து திரும்பி வரும்போது நேரம் குறையும்.

மதுரை, தூத்துக்குடி போன்ற ஊர்களுக்கு ஏடிஆர் என்னும், விசிறி வைத்த சிறிய விமானம் போட்டிருந்தால் வேகத்தை 500 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயணச்சீட்டில் இருக்கும் இரண்டு நேரங்களைக் கழித்து வேகம் கண்டுபிடிப்பவர்கள் உள்ளூர் நேரத்தை மறந்துவிடக் கூடாது. இரவு 11 மணிக்குச் சென்னையில் கிளம்பி, காலை 5.45-க்குச் சிங்கப்பூரில் இறங்கினால் ஆறே முக்கால் மணி நேரம் ஆனதுபோல் தெரியும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. கழித்தால் அதே நாலே கால்.

படி 8: நடுவில் இறங்கி மாறும் பயணம்

ஒவ்வொரு துண்டையும் தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள். சென்னை–துபாய் சுமார் 2,930 கி.மீ., துபாய்–ஹீத்ரோ சுமார் 5,500. மொத்தம் 8,430. நேர்வழியைவிட 200 கி.மீ. மட்டுமே கூடுதல். துபாய் ஏறக்குறைய வழியிலேயே உட்கார்ந்திருக்கிறது. தூரத்தை மட்டும் பார்த்தால் அங்கே இறங்கி ஏறுவதில் நட்டமே இல்லை, காத்திருக்கும் நேரம்தான் செலவு. இதையே சிங்கப்பூர் வழியாகப் போட்டால் 2,925-உடன் 10,880 சேர்ந்து 13,800-ஐத் தாண்டும். டிக்கெட் மலிவு என்று எதிர்த்திசையில் கிளம்புவதற்கு முன் இந்தக் கூட்டலை ஒரு தடவை போட்டுவிடுங்கள்.

தீர்க்கரேகை வித்தியாசம் 180-ஐத் தாண்டினால் அதை 360-லிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். ஆக்லாந்து 174.79 கிழக்கு, லாஸ் ஏஞ்சலஸ் 118.41 மேற்கு. வித்தியாசம் 293.20 என்று வரும். பசிபிக்கின் மேலே போகும்போது உண்மையான இடைவெளி 66.80 தான். கோசைன் சூத்திரம் இதைத் தானே சரிசெய்துகொள்ளும், பிதாகரஸ் முறை செய்யாது.

படி 9: இந்த எண் பணமாக மாறும் இடம்

உள்நாட்டில் தூரப்படி கட்டணம் வைத்த அனுபவம் நமக்கு உண்டு. 2023 அக்டோபரில் இண்டிகோ எரிபொருள் கட்டணம் என்று ஒன்றைச் சேர்த்தது. 500 கி.மீ. வரை 300 ரூபாய், 501 முதல் 1,000 வரை 400 ரூபாய் என்று படிப்படியாக ஏறி, 3,500-க்கு மேல் 1,000 ரூபாய். 2024 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள்.

ஐரோப்பாவுக்குப் போய் வருபவர்கள் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது அங்குள்ள இழப்பீட்டு விதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் ஒழுங்குமுறை, விமானம் ரத்தானாலோ மிகவும் தாமதமானாலோ பயணிக்குத் தர வேண்டிய தொகையைத் தூரத்தை வைத்தே நிர்ணயிக்கிறது: 1,500 கி.மீ. வரை 250 யூரோ, ஒன்றியத்துக்கு வெளியே போகும் பயணங்களில் 1,500 முதல் 3,500 வரை 400, அதற்கு மேல் 600. தூரத்தைப் பெருவட்ட முறையில்தான் அளக்க வேண்டும் என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது. விமானம் எவ்வளவு சுற்றிப் பறந்தது என்பது கணக்கில் வராது. நடுவில் மாறும் பயணமாக இருந்தாலும், முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் உள்ள நேர்தூரத்தையே எடுக்க வேண்டும், துண்டுகளைக் கூட்டக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய பிறகும் இதே விதியைப் பவுண்டில் வைத்திருக்கிறது. அங்கே மேல் படி 520 பவுண்டு.

எல்லாப் பயணத்துக்கும் இது கிடைத்துவிடாது. ஒன்றியத்திலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ கிளம்பும் விமானம் யாருடையதாக இருந்தாலும் விதி பொருந்தும். சென்னையிலிருந்து அங்கே போகும் விமானம் என்றால், அதை இயக்குவது அந்த நாடுகளின் நிறுவனமாக இருக்க வேண்டும். தாமதத்துக்குப் புயல், வான்வெளி மூடல் போன்ற தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் தொகை கிடையாது. பொருந்துகிறது என்றால், விண்ணப்பத்தில் இரண்டு விமான நிலையங்களின் குறியீடுகளையும் பெருவட்டத் தூரத்தையும் நீங்களே எழுதிவிடுங்கள். சென்னை–ஹீத்ரோவுக்கு அது 8,234 கி.மீ., மேல் படிக்குரிய 3,500-ஐ எப்போதோ தாண்டியாயிற்று. உங்கள் பயணம் 1,500 அல்லது 3,500 எல்லையை ஒட்டி வந்தால் மட்டும், இரண்டு தசமத்தோடு நிற்காமல் நான்கு தசம ஆயத்தொலைகளை எடுத்து, வின்சென்டி அல்லது கார்னி முறையில் கணக்கிடும் ஒரு தளத்தில் சரிபார்த்து, அந்தப் பக்கத்தின் நகலையும் விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள்.